ஈடு வைத்த காணியும் எழுதிய சோதனையும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுச் சொற்பொழிவாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பொருளாதார அபிவிருத்தியில் காணியும் கல்வியும்" என்ற தலைப்பைச் செயற்குழு எனக்குத் தந்தபோது, இது பொருளியல் படிப்பித்த ஒருவர் பேசவேண்டிய விடயம் என்று சொன்னேன். "நீர் கிளினிக்கிலை பாக்கிற ஆக்களிலை இருந்து தொடங்கும், பொருளியல் தானா வரும்" என்றார் செயலாளர் அக்கா. அவர் சொன்னபடியே வந்து முடிகிறேனா என்று பாருங்கள். ஆனால் தொடங்குவது கிளினிக்கில் அல்ல.

1979ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசை ஆர்தர் லூயிஸுடன் பகிர்ந்துகொண்டவர் தியடோர் சுல்ற்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர். கமத்தொழில் பொருளியல்தான் அவருடைய துறை. வறிய நாடுகளின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது காணியின் அளவு அல்ல, மனிதரின் தரம், அதாவது அவர்களுடைய அறிவும் தேகநலமும்தான் என்பது அவர் வாதம். இதைக் கேட்டால் யாழ்ப்பாணத்தார் எல்லோருக்கும் உச்சி குளிரும். காணி சிறிது, படிப்புப் பெரிது என்று எங்களுடைய ஆச்சிமார் நோபல் பரிசு இல்லாமலே சொல்லிவிட்டார்கள் அல்லவா?

இந்தப் பெருமையில் பாதிதான் சரி என்பது என் எண்ணம். எங்கள் கதையில் படிப்பு காணியை வென்று எழும்பவில்லை. காணி விழுந்துதான் படிப்பு எழும்பியது. விழுந்த காணிகளில் பெரும்பங்கு பெண்களின் பெயரில் இருந்தது. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை, அதைப்பற்றித்தான் பேசப்போகிறேன்.

எங்கள் குடாநாட்டில் ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை ஆறு என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறோம். சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மழைத்தண்ணீரைக் கிணற்றால் எடுத்து, துலாவால் இறைத்து, பின்னர் மெசினால் இறைத்து, செம்பாட்டு மண்ணில் தோட்டம் செய்தோம். மற்ற மாவட்டங்களில் ஏக்கர் என்று பேசுவார்கள். நாங்கள் பேசுவது பரப்பு. ஒரு பரப்பு பத்துப் பேர்ச். ஓர் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. இரண்டு பரப்புக்கு ஒரு வேலி, அந்த வேலியின் கதியாலுக்கு ஒரு வழக்கு. உறுதியை விரித்துப் பார்த்தால், "பங்குக் கிணறும் வழிவாய்க்காலும்" என்று வரும். கிணற்றில் எட்டிலொரு பங்கு, இறைப்பில் கிழமைக்கு ஒரு முறை என்று தண்ணீரைக்கூடப் பின்னமாகப் பிரித்து எழுதிய சமூகம் இது.

இப்படிப்பட்ட இடத்தில் நாலு பிள்ளைகளுக்குக் காணியை நாலாகப் பிரித்தால், அடுத்த தலைமுறைக்கு மிஞ்சுவது வேலி மட்டும்தான். பிரிக்கப் பிரிக்கக் குறையாத சொத்து ஒன்று தேவைப்பட்டது. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியும் 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையும் அமெரிக்க மிசனரிமாரால் தொடங்கப்பட்டபோது, சனங்கள் முதலில் தயங்கினாலும் பின்னர் பற்றிக்கொண்டதற்கு இது ஒரு முக்கிய காரணம். உடுவிலின் ஆரம்பகாலத்தைப்பற்றி ஒரு செய்தி எனக்கு எப்போதும் சுவையாக இருக்கும். படித்து முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டும் பெண்ணுக்கு மிசனே சீதனம் கொடுத்தது. பெண்ணுக்குப் படிப்பு மட்டும் கொடுத்தால் போதாது, கையில் ஒரு சொத்தும் வேண்டும் என்பதை இருநூறு வருடத்துக்கு முன்னர், எங்கோ இருந்து வந்த வெள்ளைக்காரர் ஒரே பார்வையில் விளங்கிக்கொண்டார்கள்.

சீதனம் என்றவுடன் இந்த மண்டபத்தில் சிலர் முகம் சுளிப்பீர்கள். நானும்தான். ஆனால் இன்றைய காசுச் சீதனத்தையும் பழைய காணிச் சீதனத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில், திசாவை கிளாஸ் ஈசாக்ஸ் என்பவர் எங்களுடைய வழக்காறுகளை எழுத்தில் தொகுத்தார்; பன்னிரண்டு முதலியார்மார் அதைப் பார்த்துச் சரி என்று ஒப்புக்கொண்டார்கள். பன்னிரண்டு பேரும் ஆண்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தத் தேசவழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து மூன்று வகை. பெண்ணுக்குக் கொடுத்த சீதனம் பெண்ணுடையது. அவளுக்குப் பிறகு அது அவளுடைய பெண்மக்களுக்குச் சீதனமாகப் போகும். ஐரோப்பாவில் பல நாடுகளில் கலியாணம் செய்த பெண்ணுக்குத் தன் பெயரில் ஓர் அங்குல நிலமும் வைத்திருக்க முடியாத காலத்தில், இங்கே ஆச்சியின் பெயரில் உறுதி இருந்தது.

ஆனால் உறுதி இருந்தது என்பது ஒன்று, கை இருந்தது என்பது வேறொன்று. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, முதுசக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி கலியாணம் செய்த பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் தன் முதுசக் காணியை விற்பதற்கு மனைவியின் சம்மதம் தேவையில்லை. இங்கே இருக்கும் சட்டத்தரணிமார் இதைப் பலமுறை பல மேடைகளில் சொல்லிக் களைத்துவிட்டார்கள். ஒரு வைத்தியர் சொன்னாலாவது ஏறுகிறதா பார்ப்போம்.

அந்த உறுதி எதற்குப் பயன்பட்டது? பெட்டகத்திலிருந்து அது வெளியே வந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று, மகளின் கலியாணம். மற்றது, பிள்ளையின் படிப்பு. கொழும்புக்குப் போகும் மகனின் கட்டணத்துக்கு, சென்னைக்குப் போகும் மகனின் கப்பலுக்கு, பின்னர் மகளின் விடுதிக் காசுக்கு, தாயின் சீதனத் தோட்டம் ஒற்றிக்குப் போனது. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒற்றி என்றால், காசு கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை எடுப்பார், முதலைத் திருப்பிக் கொடுக்கும்வரை காணி அவர் கையில். மலேயாப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலைக்குப் போன எங்கள் பூட்டன்மார் அங்கிருந்து அனுப்பிய காசில் எத்தனை ஒற்றி மீட்கப்பட்டது, எத்தனை நாற்சார் வீடு எழும்பியது என்று வீட்டுக்கு வீடு கதை உண்டு. திருவிதாங்கூருக்குப் புகையிலை ஏற்றிய காசும் அப்படித்தான் படிப்புக்குள் போனது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் தாமோதரம்பிள்ளையும் யாழ்ப்பாணத்தார் என்று மேடைதோறும் சொல்கிறோம். புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் இறைத்தவர்களைச் சொல்வதில்லை.

தென்கொரியாவில் பல்கலைக்கழகத்துக்கு வேடிக்கையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: மாட்டெலும்புக் கோபுரம். கமக்காரர் உழவு மாட்டை விற்றுப் பிள்ளையைப் படிப்பித்ததால் அந்தப் பெயர். இதை முதன்முதலில் வாசித்தபோது, எங்களுடையதை என்னவென்று சொல்வது, ஒற்றிக் கோபுரம் என்றா, என்று சிரிப்பு வந்தது. ஆனால் கொரியாவுக்கும் எங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே 1950இல் காணிச் சீர்திருத்தம் நடந்தது. ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய 3 ஹெக்டேயர் என்று உச்சவரம்பு வைத்து, மிச்சத்தை உழுதவனுக்கே கொடுத்தார்கள். அதன் பிறகுதான் மாட்டை விற்றுப் படிப்பிக்கும் துணிவு கமக்காரனுக்கு வந்தது. மாடு போனாலும் காணி இருந்தது. படித்த பிள்ளைக்கு வேலை கொடுக்கத் தொழிற்சாலைகளும் பின்னால் வந்தன. 1960 அளவில் ஆள்வீத வருமானத்தில் இலங்கைக்கும் கொரியாவுக்கும் பெரிய தூரம் இருக்கவில்லை. இன்றைய தூரத்தை நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் கையிலிருக்கும் தொலைபேசி சொல்லும்.

நாங்கள் படிப்பில் குறைவைத்தோமா? இல்லை. 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வந்தது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. இதன் பலனை நான் வேறெந்தப் பொருளியல் கணக்கிலும் தேடவேண்டியதில்லை, என் தொழிலிலேயே பார்க்கலாம். 1940களில் இலங்கையில் ஒரு லட்சம் பிள்ளைகள் உயிருடன் பிறக்கும்போது 1,500க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது 40க்கும் குறைவு. இதற்கு மலேரியா ஒழிப்பும் மருத்துவ மாதுக்களும் இலவச வைத்தியசாலைகளும் காரணம்தான். அவற்றோடு, மருத்துவ மாது சொல்வதை வாசித்து விளங்கிக்கொள்ளும் தாயும் காரணம். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜோன் கால்ட்வெல் என்ற சனத்தொகை அறிஞர், வறுமையிலும் மரணத்தைக் குறைத்த இடங்களாகக் கேரளம், இலங்கை, கொஸ்ரா ரிக்கா ஆகிய மூன்றையும் 1986இல் ஆராய்ந்தார். பெண்கள் படித்தது மட்டுமல்ல, படித்ததைக்கொண்டு வீட்டில் தாங்களே முடிவெடுக்க முடிந்ததும் காரணம் என்று கண்டார். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, யாரையும் கேட்காமல், பஸ் ஏறும் தாயைத்தான் அவர் சொல்கிறார். அந்தத் தாயை எனக்கு நன்றாகத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு வருவாள், முதல் காய்ச்சல் எப்போது என்று மணிக்கணக்காகச் சொல்வாள்.

ஆகவே படிப்பு உயிரைக் காப்பாற்றியது. அது உழைப்பாக மாறியதா என்றால், அங்கேதான் இடிக்கிறது. பல்கலைக்கழகம் போவோரில் அரைவாசிக்கு மேல் பெண்கள். ஆனால் நாட்டில் உழைக்கும் வயதுப் பெண்களில் மூன்றில் ஒரு பங்கு அளவினரே தொழிற்படையில் இருக்கிறார்கள். கல்விக்குக் கொடுத்த கவனத்தை இந்த நாடு காணிக்குக் கொடுக்கவில்லை. 1971 கிளர்ச்சிக்குப் பிறகு, 1972இல் ஒருவருக்கு 50 ஏக்கர், வயலானால் 25 ஏக்கர் என்று உச்சவரம்பு வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் எடுக்கப்பட்டன. அந்தக் காணியில் நூறு வருடத்துக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு அதில் ஒரு துண்டும் போகவில்லை. கம்பனியிடமிருந்து அரசாங்கத்திடம் கைமாறியது, லயம் லயமாகவே இருந்தது. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்று தொடங்கியிருக்கிறார்கள். எங்கள் அளவில் அது முக்கால் பரப்புக்கும் குறைவு. மலையகத்தில் சில காலம் வேலை செய்தபோது, கெட்டிக்காரப் பிள்ளைகள் சாதாரண தரத்தோடு கொழும்புக் கடைகளுக்குப் போவதைக் கண்டேன். ஈடு வைக்க அவர்களுடைய தாய்மாரிடம் எதுவுமே இல்லை. நாங்கள் அவர்களைவிடக் கெட்டிக்காரர் என்பதால் டொக்டர் ஆகவில்லை; எங்கள் அம்மாவின் பெட்டகத்தில் ஒரு உறுதி இருந்தது.

எங்கள் பக்கத்திலும் காணியையும் படிப்பையும் ஒரே வண்டியில் பூட்டிப் பார்த்த காலம் ஒன்று உண்டு. வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் படித்த வாலிபர் திட்டங்கள் வந்தன. வேலை கிடைக்காத உயர்தரம் படித்த பிள்ளைகளுக்குக் காணி கொடுத்தார்கள். எழுபதுகளின் முதற்பாதியில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதித் தடை இருந்தது. அந்த விலையில் செத்தல் மிளகாய் விற்றவர்கள் மோட்டார்சைக்கிளில் திரிந்த கதையை இங்குள்ள மூத்தவர்கள் சொல்வார்கள். பசளை விகிதம் கணக்கிடவும், வங்கிப் படிவம் நிரப்பவும், புதிய இனத்தைப் பரீட்சித்துப் பார்க்கவும் தெரிந்த கமக்காரர் அவர்கள். மிருசுவில் பக்கம் "படித்த மகளிர் திட்டம்" என்றே ஓர் இடப்பெயர் இன்றும் உண்டு. அந்தப் பெயரை பஸ் கண்டக்டர் கூவும்போது யாராவது ஒரு நிமிடம் யோசித்திருக்கிறோமா? படித்த பெண்ணுக்கு ஆசிரியத் தொழிலும் கிளார்க் வேலையும் மட்டுமல்ல, காணியும் கொடுக்கலாம் என்று ஒரு காலத்தில் ஒரு கந்தோரில் யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள்.

1977இல் சந்தை திறந்தது, மிளகாய் விலை விழுந்தது. அதற்கு முன்னரே தரப்படுத்தல் வந்துவிட்டது. 1970 பரீட்சைக்குப் பிறகு மருத்துவபீடம் புகத் தமிழ்மொழி மாணவருக்கு 250 புள்ளி, சிங்களமொழி மாணவருக்கு 229 என்று வைத்தார்கள். படிப்பு என்ற ஒரே வாசலில் எல்லோரும் நின்ற சமூகத்தின் முகத்தில் அந்த வாசலைச் சாத்தியபோது என்ன நடந்தது என்பது வரலாறு. நான் அதற்குள் போகவில்லை. காணிக் கணக்கில் மட்டும் ஒன்று சொல்கிறேன்: 1983க்குப் பிறகு உறுதி பெட்டகத்திலிருந்து வெளியே வந்தது கட்டணத்துக்கல்ல, ஏஜென்சிக் காசுக்கு.

1990இல் வலிகாமம் வடக்குச் சனம் எழும்பிய பிறகு, அந்தச் செம்பாட்டு மண் முட்கம்பிக்குள் கிடந்தது. 2009க்குப் பின்னர் பகுதி பகுதியாக விடுகிறார்கள். இன்னும் முழுதாக விட்டபாடில்லை. 1995 ஒக்ரோபர் முப்பதாம் திகதி இரவு, நாவற்குழிப் பாலத்தால் நடந்த எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மாருடைய கையில் பெரும்பாலும் இரண்டு பை இருந்தன. ஒன்றில் உறுதிகள், மற்றதில் பிள்ளைகளின் பிறப்பத்தாட்சியும் பரீட்சைச் சான்றிதழ்களும். நகையை இடுப்பில் கட்டியிருந்தார்கள், அது வேறு. அந்தச் சான்றிதழ்ப் பை ரொறொன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் திறபட்டது, பலன் தந்தது. உறுதிப் பை திறக்கப்படவேயில்லை.

இப்போது கிளினிக்குக்கு வருகிறேன்.

என்னிடம் வரும் பெண்களில் தோட்டம் செய்வோர் பலர். நாற்பது வயதில் அறுபது வயது முழங்கால், குறைந்த இரத்தம், மருந்தடித்துவிட்டுத் தலைச்சுற்று. மாதம் ஒருமுறை மருந்துக்கு வரவேண்டியவர்கள் குறிப்பிட்ட ஒரு கிழமைநாளில் கிளினிக் விழுந்தால் வரமாட்டார்கள். ஏன் என்று விசாரித்தால், அன்றைக்குக் கட்டுக்காசுக்காரர் வருவார்கள். நுண்கடன். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நின்று வாங்கும் கடன். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில், ஒரு லட்சம் ரூபாவுக்குட்பட்ட பெண்களின் நுண்கடனை அரசாங்கம் பொறுப்பேற்றது. ஆனாலும் அந்த வாசலில் ஆள் நிற்பது குறையவில்லை. ஏன் வங்கியில் எடுக்கவில்லை என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: "காணி எங்கடையில்லை, டொக்டர்."

யாருடையது? கனடாவில் இருக்கும் ஒரு அக்காவுடையது. அந்த அக்காவின் மாமியுடையது. அல்லது ஆறு பேருடைய பிரிக்கப்படாத பங்கு. ஆறில் நாலு பேர் நாலு நாட்டில், ஒருவர் காலமாகிவிட்டார், ஒருவரோடு கதைபேச்சில்லை. வெங்காயம் போடுகிறவள் வாய்ப்பேச்சுக் குத்தகையில் இருக்கிறாள். எழுத்தில் எதுவும் இல்லாதபடியால் வங்கியும் இல்லை, மானியமும் இல்லை, காப்புறுதியும் இல்லை. அடுத்த போகத்துக்கும் தருவார்களா என்று தெரியாதபடியால் மண்ணுக்கு எருவும் போடமாட்டாள். கையில் கிடைக்கும் யூரியாவைத்தான் போடுவாள். அது கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்றாக இறங்கி, திரும்பவும் என்னிடம்தான் வருகிறது. இவள் படிக்காதவள் அல்ல. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். சுல்ற்ஸ் சொன்ன மனிதத் தரம் அவளிடம் தாராளமாக உண்டு. அதை ஊன்றுவதற்கு நாலு பரப்பு அவளுடைய கையில் உறுதியாக இல்லை.

பக்கத்து வளவிலோ ஆள் இல்லை. மதில் உண்டு, கேற்றில் பூட்டு உண்டு, உள்ளே நாயுண்ணியும் இப்பிலிப்பிலும் கிணற்றில் குப்பையும். டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உரிமையாளரைத் தேடுவார், ஆள் வெளிநாட்டில் என்பார்கள். இந்தப் பூட்டிய வளவுகளின் உறுதியில் இருக்கும் பெயர்களை வாசித்தால் பெரும்பாலும் பெண் பெயர்கள். சீதனம் அல்லவா? அந்தப் பெயர்களில் பல இந்தக் கல்லூரியின் பதிவேட்டிலும் இருக்கும். என்னுடைய பெயரில் இருக்கும் துண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதைச் சென்ற வருடம் எழுத்தில் குத்தகைக்குக் கொடுத்தோம்.

சங்கம் புலமைப்பரிசில் கொடுக்கிறது. நூற்றாண்டுக்கு இன்னும் கூட்டிக் கொடுக்கப் போகிறது. மகிழ்ச்சி, நானும் பங்கு தருகிறேன். ஆனால் புலமைப்பரிசிலால் படித்த பிள்ளை எங்கே போகும்? நாங்கள் போன வழியில்தான் போகும். போகட்டும், தடுக்க நமக்கு உரிமையில்லை. போகாமல் இங்கேயே நிற்க விரும்பும் பிள்ளைக்கு, கமத்தொழில் விஞ்ஞானம் படித்துவிட்டு ஒரு நாற்றுமேடை போட விரும்பும் பிள்ளைக்கு, முருங்கையிலையைக் காயவைத்துப் பொதிசெய்து ஏற்றுமதி செய்ய விரும்பும் பிள்ளைக்கு, கணவன் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்க்கும் எங்கள் பழைய மாணவிக்கு, என்ன கொடுக்கப் போகிறோம்? அவர்களும் பழைய மாணவிகள்தான். சந்தாக் கட்ட வழியில்லாதபடியால் கூட்டத்துக்கு வருவதில்லை.

விற்றுவிடுங்கள், தானம் செய்யுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பூட்டிவைத்திருக்கும் காணிக்கு ஒரு முடிவெடுங்கள் என்கிறேன். "குத்தகைக்குக் கொடுத்தால் பத்து வருடத்தில் ஆட்சி கேட்டு எடுத்துவிடுவார்கள்" என்ற பயம் எல்லோரிடமும் உண்டு. என் வகுப்புத் தோழியான சட்டத்தரணியிடம் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். உரிமையாளரின் குத்தகைக்காரராக, எழுத்தில் ஒப்புக்கொண்டு இருப்பவர், எத்தனை வருடம் இருந்தாலும் அதைக் கொண்டு ஆட்சியுரிமை கோர முடியாது என்றார். எழுத்தில்லாத வாய்ப்பேச்சும், யாரும் எட்டிப் பார்க்காத வளவும்தான் ஆபத்து. 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படாவிட்டால் செல்லாது. ஆகவே எழுதுவது இரண்டு பேருக்கும் காவல். வயல் காணிக்கு மட்டும் கதை வேறு: 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்திலிருந்து இன்றைய கமநல அபிவிருத்திச் சட்டம்வரை, வயல் செய்கிற குத்தகைக் கமக்காரருக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. அது இருக்கவேண்டிய பாதுகாப்பு. ஆனால் தெரிந்துகொண்டு கொடுக்கவேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. கணவனின் சம்மதம் வேண்டும் என்று சொன்னேனே, கணவன் விட்டுப்போனவள், காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி, யாரிடம் கையெழுத்து வாங்குவாள்? மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி கொடுக்கலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. அது பல பேருக்குத் தெரியாது. தெரிந்தாலும் வழக்குப் போடக் காசில்லை. அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியில், உரித்தாளர் வரிசையில் மூத்த மகனுக்கே முதலிடம் என்றிருந்த 1935ஆம் ஆண்டுச் சட்டத்தை 2022இல்தான் திருத்தினார்கள். எண்பத்தேழு வருடம். இப்போது ஆண், பெண் பாராமல் மூத்த பிள்ளை. வன்னியில் அனுமதிப்பத்திரத்தோடு இருக்கும் எங்கள் பழைய மாணவிகள் தங்கள் மகள்மாருக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். பிரதேச செயலகத்தில் யாரும் தேடிவந்து சொல்லமாட்டார்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர்களுக்கு இன்னொரு அவசரம். வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை 2014ஆம் ஆண்டின் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இரட்டைக் குடியுரிமைக்கும் வாரிசுரிமைக்கும் விலக்குகள் உண்டு. ஆனால் அங்கே பிறந்த உங்கள் பிள்ளைகளுக்கு நன்கொடை உறுதி எழுதலாம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஒரு சட்டத்தரணியிடம் இப்போதே கேளுங்கள். உங்களுக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு வழுக்கையாறு எந்தத் திசை என்றும் தெரியாது. பங்குக் கிணற்றின் எட்டிலொரு பங்கை அது எங்கே போய்த் தேடும்?

செயற்குழுவின் அனுமதியோடு ஒன்று அறிவிக்கிறேன். எங்கள் பழைய மாணவிகளில் சட்டத்தரணிமாரும் நொத்தாரிசுமாரும் நில அளவையாளர் ஒருவரும் முன்வந்திருக்கிறார்கள். நாளை காலை ஒன்பது மணிக்கு, பழைய விஞ்ஞானகூடத்துக்குப் பக்கத்து வகுப்பறையில் இருப்பார்கள். கட்டணம் இல்லை. உறுதியின் மூலப்பிரதியைக் கொண்டுவர வேண்டாம், போட்டோப் பிரதி போதும். உறுதி இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர், காணிப் பதிவகத்தில் பதிந்த ஏட்டின் விபரம், இந்த நாலும் அதில் தெரியவேண்டும். பங்குக் காணியானால் மற்றப் பங்காளரின் பெயர்களையும் இருக்குமிடங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தால், யாருக்கு, எப்போது, பதிந்ததா என்றும் எழுதுங்கள். காணி தேடும் பழைய மாணவிகள் பதினொரு மணிக்கு வரலாம். அவர்கள் என்ன செய்ய விரும்புகிறார்கள், எத்தனை பரப்பு வேண்டும், தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்பதைப் பதிவதற்கு ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். வெளிநாட்டில் இருந்து இந்த மலரை வாசிப்பவர்கள் சங்கச் செயலாளருக்கு எழுதினால், அதே விபரங்களை அந்தக் கொப்பியில் சேர்த்துக்கொள்வோம்.